கோணேசர் மலைக்குக் கீழே எரிமலையா?



பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து திருக்கோணேஸ்வரத்துக்குப் போன பஸ்ஸில் நானும் இருந்தேன். கும்பிட்டு முடிந்து, ‘இராவணன் வெட்டு’ அருகே நின்று கீழே கடலைப் பார்த்தோம். “இதுக்கு அடியில எரிமலை இருக்காம். அதான் கன்னியாவுல சுடுதண்ணி வருதாம்” என்றார் ஓர் அம்மா.

இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருவதுதான் கன்னியாவின் ஏழு கிணறுகளும். எரிமலை வாய்க்குள் கடல் புகுந்த குடாவைப் பார்க்க வேண்டுமானால் கிரேக்க நாட்டின் சந்தோரினித் தீவுக்குப் போகவேண்டும். நமக்கேன் அந்தச் செலவு!

ஆனால் அந்த அம்மா பயந்த ஆழம் உண்மை. அதில் நம் தண்ணீரும் சேர்கிறது. பதுளு ஓயா துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுந்து ஓடி, மகாவலியில் கலக்கிறது. வயல்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் சேர்க்கிறது. (1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டுப் போன நம்மவர்கள் சிலரும் அந்தப் பக்கம்தான் போய்க் குடியேறினார்கள்.) அந்தக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. வெளியே போகப் போக 3,000 மீற்றருக்கு மேல் ஆழம். 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலையை அதற்குள் இறக்கினாலும் உச்சி தெரியாது! திமிங்கிலங்கள் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதும் இந்த ஆழத்தால்தான்.

அன்று பின்னேரம் கடற்கரையில், எங்களோடு வந்த பதினைந்து வயதுப் பிள்ளையை இடுப்பளவு தண்ணீரிலிருந்து கடல் இழுத்துப் போனது. மீனவர் இருவர் படகில் போய்ப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். நடுக்கம் தீர்ந்த பிறகு அவள் சொன்னாள்: “அலை இல்லாத எடம்னுதானே அக்கா எறங்குனேன்.”

அதுதான் விஷயம். இழுத்தது பள்ளத்தாக்குமல்ல, எரிமலையுமல்ல. அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கிடையே ஓர் ஒடுங்கிய வாய்க்காலாக அது வேகமாய்த் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது. தண்ணீர் கலங்கி, அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாத மலைநாட்டுப் பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள்.

அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, களைத்துவிடுவோம். மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போய், இழுவை விட்டதும் கரைக்குத் திரும்பலாம். பிள்ளையைப் பிடிக்கத் தாய் பின்னால் பாய்வது இயல்புதான். ஆனால் நனைந்த சேலை கல்லாய்க் கனக்கும். மூடி இறுகிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை எறியுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் போனால் கோயிலோடு திரும்பிவிடுங்கள்.