அனுமதி மறுக்கப்பட்டது

ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். தமிழில் மொழிபெயர்த்தாலும் இரண்டே சொற்கள்தான்: அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்தது யார், எதற்காக, இனி யாரிடம் போய்க் கேட்பது என்ற விவரமெல்லாம் கிடையாது. செயப்பாட்டு வினையில் உள்ள சௌகரியமே அதுதான். செய்தவர் வாக்கியத்திலிருந்து நைசாக நழுவிவிடலாம். அரசு அலுவலகங்களின் தனிச்சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்த வாக்கியத்தை, வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் எதிர்கொள்கிறார்கள்.

தில்லியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு அந்த நாள் சென்ற மாதம் வந்தது. அவருடைய கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. அவர் பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டும் உயிரை விட்டது. மிஞ்சியது ஹார்ட் டிஸ்க் மட்டுமே. இந்தியிலிருந்து அவர் தமிழாக்கம் செய்த சிறுகதைகள் அதில்தான் இருக்கின்றன. எதுவும் அச்சேறவில்லை; காகிதப் பிரதியும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் டிஸ்கைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தார். பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றது திரை. கடைக்காரர் செய்யவும் தயாராகிவிட்டார். அம்மையார் டிஸ்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லவேளை.

விண்டோஸ் அப்படிச் சொன்னால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஈ.எக்ஸ்.டி. வகை அமைப்பு விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். கிரந்தம் தெரியாதவர் ஒரு சுவடியைப் பார்த்து, 'இதில் ஒன்றுமில்லை, அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்' என்று யோசனை சொல்வதைப் போன்றது இது.

அடுத்து, பேரனின் உபுண்டு கம்ப்யூட்டரில் டிஸ்க் இணைக்கப்பட்டது. இம்முறை ஃபோல்டர் தெரிந்தது. அதன்மேல் ஒரு பூட்டுப் படமும் தெரிந்தது. சொடுக்கினால் மேற்படி இரண்டு சொற்கள். பேரனின் நண்பன் உடனே மருந்து எழுதிக் கொடுத்தான்: "777 போடுங்க பாட்டி, எல்லாம் திறந்துடும்." இந்த இடத்தில்தான் எனக்கு ஃபோன் வந்தது.

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பினர் உண்டு: உடைமையாளர், அவர் சார்ந்த குழு, மற்ற எல்லோரும். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று உரிமைகள்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. ஆக 777 என்பது எல்லோருக்கும் எல்லா உரிமையும். 1970களின் தொடக்கத்தில், ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டு வேலை பார்த்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி குழுவினர் உருவாக்கிய யூனிக்ஸில் வேர்விட்ட ஏற்பாடு இது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. ஃபைலுக்கு 'இயக்கு' என்றால் அதை ஒரு புரோகிராமாக ஓட்டுவது. ஃபோல்டருக்கோ அதே 'இயக்கு' என்பதன் பொருள் உள்ளே நுழைவது. 'படி' என்ற உரிமை மட்டும் இருந்தால் உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் தெரியும். எதையும் திறக்க முடியாது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். மொழிபெயர்ப்பாளனுக்கு இது புதிதல்ல, ஆனால் முதல் முறை பார்க்கிறவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

777 மருந்து சர்வரோக நிவாரணி போலத் தோன்றும். தவறிப்போய் அதை முழுக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டால், மறுகணமே நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' வேலை செய்ய மறுக்கும். அந்தப் புரோகிராமுக்கென்று இருந்த சிறப்புக் குறி அழிந்துபோயிருக்கும் என்பதே காரணம். அதற்குப் பிறகு தவறைத் திருத்தும் வழியும் அடைபட்டுவிடும். பெரும்பாலும் மறுபடி இன்ஸ்டால் செய்வதில்தான் போய் முடிகிறது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காக எல்லாக் கதவுகளையும் கழற்றி வைக்கும் வைத்தியம் இது. எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

மறுத்தவர் யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 'எல்.எஸ்.' கட்டளையோடு ஒரு சிறுகோடும் 'என்' என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். உடைமையாளர் என்ற இடத்தில் வந்த விடை 500. பேரனின் எண் 1000. விஷயம் புரிந்துவிட்டது. டிஸ்கில் லினக்ஸ் உடைமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை. எண்ணை மட்டுமே எழுதுகிறது. பெயர் என்பது அந்தந்தக் கம்ப்யூட்டரின் பதிவேட்டில் இருக்கும் சங்கதி. பழைய ஃபெடோராவில் முதல் பயனாளருக்கு 500 என்று எண் கொடுப்பது வழக்கம். 2011இல் வந்த ஃபெடோரா 16தான் அதை 1000 ஆக்கியது. உபுண்டுவிலும் முதல் ஆள் 1000தான். பெரியவர் ஃபெடோரா போட்ட நாளில் அவர் 500ஆம் எண் ஆசாமி. புதிய கம்ப்யூட்டருக்கு 500 என்று யாரையும் தெரியாது. அவருடைய ஃபோல்டரோ அவரைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாதபடி அமைக்கப்பட்டிருந்தது.

பழைய டிஸ்கில் எதையும் மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. நமக்கு இருப்பது அந்த ஒரு மூலப்பிரதிதான். சூடோ அதிகாரத்தோடு ஃபோல்டர் முழுவதையும் புதிய கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கச் சொன்னேன். பிறகு நகலுக்கு மட்டும் உடைமையாளரை மாற்றும் 'சேஞ்ச் ஓனர்' கட்டளை, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. இருபது நிமிட வேலை. கதைகள் திறந்தன. மிகப் பழைய சில ஃபைல்கள் மட்டும் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி எழுத்துருவில் இருந்ததால் கோணல்மாணலாகத் தெரிந்தன. அவற்றை மாற்ற வழி உண்டு. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

"அப்படியானால் அவர் போட்ட பூட்டுக்கு மதிப்பே இல்லையா?" என்று அம்மையார் கேட்டார். கூர்மையான கேள்வி. அனுமதி என்பது காவலாளி, பெட்டகமல்ல. அந்த லினக்ஸ் விழித்திருக்கும்வரைதான் காவல். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், அங்கே நிர்வாகி வைத்ததுதான் சட்டம். பெரியவர் டிஸ்கை முழுமையாக மறையாக்கம் செய்து வைத்திருந்தால், கடவுச்சொல் தெரியாமல் எந்த நிர்வாகியாலும் ஒரு வரி படித்திருக்க முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அலைகிறவர்களுக்கு மறையாக்கம் அவசியம்; இன்ஸ்டால் செய்யும்போதே கேட்கும், சரி என்று சொல்லலாம். ஆனால் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி எழுதி வைக்காவிட்டால், இந்த அம்மையாருக்குக் கிடைத்தது உங்கள் வீட்டாருக்குக் கிடைக்காது.

ஒரே கம்ப்யூட்டரைக் குடும்பமே பயன்படுத்துகிறது என்றால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. உபுண்டுவில் 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்புக்கு முன்பு, ஒருவர் ஃபோல்டரில் இருப்பதை அதே கம்ப்யூட்டரின் மற்றவர்கள் படிக்க முடியும்படிதான் அமைப்பு இருந்தது. அதற்கு முன்பு உருவாக்கிய கணக்கு என்றால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வேறு சில மறுப்புகளுக்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இருக்காது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருக்கும் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பகுதியைப் படிக்க முடியும், எழுத முடியாது என்று வந்தால், குற்றவாளி பெரும்பாலும் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. அது முழுதாகத் தூங்கப் போவதில்லை. டிஸ்கைப் பிடித்தபடியே கண்ணயர்கிறது. விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஷட் டவுன் செய்தால் சரியாகிவிடும். பென் டிரைவில் அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் மாறவில்லையா? ஃபேட் அமைப்பில் உடைமையாளரை எழுதி வைக்க இடமே கிடையாது.

இன்னொன்று. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போகாமல் மறுபடி மறுபடி நுழைவுத் திரைக்கே வந்து நிற்பது. சில நேரம் டிஸ்க் நிரம்பியிருக்கும். இல்லையென்றால், யாரோ சூடோ போட்டு ஒரு திரைப் புரோகிராமை ஓட்டியிருப்பார்கள்; உங்கள் ஃபோல்டரில் உள்ள 'எக்ஸ் அத்தாரிட்டி' என்ற மறைவு ஃபைல் நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே உங்கள் பெயரில் நுழைந்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.