புதுக் கூத்துக்கு விருது உண்டா?

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் சூழ்ந்த ஊர்களில் திருவிழா என்றால், விடிய விடியக் கூத்துதான். புதுக் கூத்து எத்தனை?

சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922-ல். நூறு ஆண்டு கடந்தும் அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியுமே இசை நாடகக்காரர்களுக்குச் சோறு போடுகின்றன. குறை சொல்வதற்கில்லை. அவையும் ஒரு காலத்தில் புது நாடகங்களே!

யாருக்கு விருது?

கலைமாமணி, சங்கீத நாடக அகாதமி விருது, பத்மஸ்ரீ மூன்றும் கலைஞருக்கு உரியவை, நாடகத்துக்கு அல்ல. 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கொலம்பியா நாட்டு எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையே கூத்தாக்கிய குழு அவருடையது. அந்தக் கூத்துக்கு இம்மூன்றிலும் இடமில்லை. அமெரிக்காவின் டோனி விருதிலோ, 1949 முதல் சிறந்த இசை நாடகத்துக்கே தனிப் பரிசு உண்டு. பட்டியலில் ஏறினாலே விளம்பரம்!

புதுக் கூத்துக்குப் பாட்டுக் கட்டவும் ஒத்திகை பார்க்கவும் ஆகும் நாட்களுக்குக் கூலி யார் தருவார்? முன்பணம் கொடுக்கும் ஊர்ப் பெரியவர், "கர்ண மோட்சம் வையுங்கள்" என்றுதான் கேட்பார்.

ஆண்டுக்குப் பத்துப் புதுக் கூத்துகளையாவது அரசு விருதுப் பட்டியலில் சேர்க்கலாம். நல்லவை கிடைக்காத ஆண்டில் பட்டியல் சுருங்கட்டும். எண்ணிக்கைக்காகக் குப்பையை ஏற்ற வேண்டாம். நடுவர்களும் சென்னையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரவே வாழப்பாடிக்கு வந்து, கட்டியங்காரன் நுழைவதிலிருந்து விடியும்வரை பார்க்க வேண்டும். நடுவர் பாதியில் தூங்கிவிட்டால், குற்றம் கூத்திலா நடுவரிலா என்பதை ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள்.