பில்ட் நின்றால் காரணத்தைச் சொல்லட்டும்

ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்களுக்கு கிரேடில் தெரியாமல் இருக்காது. நிரலையும் நூலகங்களையும் சேர்த்து, போனில் நிறுவும் கோப்பாக ஆக்கித் தருவது அதுதான். அதற்கான ஸ்கிரிப்டை நெடுங்காலம் குரூவி மொழியில்தான் எழுதிவந்தோம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. செயலியின் நிரலைவிட குரூவியின் பிழைச்செய்திதான் அவர்களை அதிகம் திணறடிக்கிறது.

அண்மையில் சேர்ந்த ஒரு பெண்ணின் கணினியில் பில்ட் நின்றுவிட்டது. ஃபைல் கன்ஸ்ட்ரக்டர்களில் இரண்டு பொருந்துகின்றன, எதை அழைப்பதென்று தெரியவில்லை என்றது திரை. "நான் அந்த வரியைத் தொடவே இல்லையே சார்" என்றார். உண்மைதான். கையெழுத்துச் சாவி இருக்கும் ஃபோல்டரைக் காட்டும் என்விரான்மென்ட் வேரியபிள் அவர் கணினியில் இல்லை. கோளாறு அவ்வளவுதான், செய்தியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்த வரி அழைத்த ஜாவாவின் ஃபைலுக்கு முதல் மதிப்பாக ஸ்ட்ரிங்கும் தரலாம், இன்னொரு ஃபைலும் தரலாம். எதை அழைப்பது என்பதை ஜாவா, கம்பைல் செய்யும்போதே அறிவித்த வகையை வைத்து முடிவுசெய்கிறது. குரூவியோ ஓடும்போது கையில் வந்த மதிப்பைப் பார்க்கிறது. வேரியபிள் இல்லாமல் 'நல்' (null, வெற்று மதிப்பு) வந்தால், அது இரண்டுக்குமே பொருந்தும்.

2021இல் வந்த கிரேடில் 7இல் நூலகங்களைச் சேர்க்கும் 'கம்பைல்' என்ற பழைய அமைப்பு நீக்கப்பட்டபோதும் இதே கதை. அந்தப் பெயரில் மெத்தட் காணோம் என்றது செய்தி. இனி 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுது என்று சொல்லியிருந்தால் எத்தனை மாணவர்களின் இரவுகள் மிஞ்சியிருக்கும்!

2018இல் கிரேடில் 5உடன் கோட்லின் மொழியில் எழுதும் ஸ்கிரிப்ட் முழுமையாக வந்தது. வகைப்பிழையை எடிட்டரே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். புதிய திட்டங்கள் அதில்தான் தொடங்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன ஃபைல் வரியை அப்படியே கோட்லினுக்கு மாற்றினால் சிக்கல் மறைந்துகொள்ளும், தீராது. அங்கே ஸ்ட்ரிங் வடிவமே தேர்வாகும். 'நல்' ஆன ஃபோல்டரை ஜாவா பேசாமல் விட்டுவிட்டு, சாவியை வேறிடத்தில் தேடும். இது முன்னதைவிட மோசம்.

ஆகவே எந்த மொழியானாலும், வெளியிலிருந்து வரும் மதிப்பை வாங்கிய இடத்திலேயே சோதித்து, இல்லையென்றால் வேரியபிளின் பெயரைச் சொல்லி பில்டை நிறுத்த வேண்டும். ஒரே ஒரு வரிதான். அந்த வரி இல்லாத பில்ட் ஃபைலை ரிவ்யூவில் நான் ஏற்பதில்லை. மற்ற குழுக்களின் மூத்தவர்களும் ஏற்கக் கூடாது.