நாடகசாலையில் நண்பகலுணவு

இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்திலுள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் நகர், 1606-ஆம் ஆண்டில் இரும்புச் சத்துள்ள நீரூற்றொன்று கண்டறியப்பட்டமையாற் சிறந்தது. பிரபுக்களும் சீமாட்டிகளும் அந்நீரை அருந்தித் தேக சுகம் பெற அங்கே கூடினர்; 1909-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் அந்நகர்க்கு 'ராயல்' என்னும் பட்டமும் அளித்தார். இத்தகைய ஊரில் 1902-இல் திறக்கப்பெற்ற ஆபெரா ஹவுஸ் என்னும் இசைநாடகசாலை, இன்று எளிய விலைக்கு உணவும் மதுவும் விற்கும் சாலையாயிற்று என்று கேட்போர் பலர் முகஞ் சுளிப்பர். அங்குச் சென்று உண்டு வந்த நாம் அதற்கு உடன்படோம்.

உள்ளே புகுந்ததும் கண்கள் தாமே மேல்நோக்கிச் செல்லும். வளைந்த மாடங்களும், சுதை வேலைப்பாடும், செல்வர் அமர்ந்த பக்கத் தனியறைகளும், மேடையும் இன்றும் உள. முன்பு இருக்கை வரிசைகள் இருந்த தளத்தில் உணவு மேசைகள் நெருங்கியிருக்கின்றன. நண்பகல் வேளையாதலின் இடம் கிடைத்தல் அரிதாயிற்று. மூதாட்டியார் ஒருவர் தம் மேசையில் இரண்டு நாற்காலிகள் வறிதே இருப்பதைக் காட்டி நம்மை அழைத்தார். மேசையின் எண்ணை மறவாது சென்று, வேண்டுவதைச் சொல்லிப் பணங் கொடுத்து மீளுதல் அங்குள்ள வழக்கம். கைப்பேசி வாயிலாகவும் கேட்கலாம். பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும் வந்தன. பட்டாணிக்கு மிளகுப்பொடி சிறிது மிகுதியாகவே வேண்டியிருந்தது. அது நம் நாவின் பழக்கமேயன்றி அவர்கள் குற்றமன்று.

கலைக்கோயில் கள்ளுக்கடையாயிற்றே என வருந்துவோர் அதன் சரித்திரத்தை நோக்குக. 1931-இலேயே அது சினிமாக் கொட்டகையாயிற்று. 1960-களில் இடிபடும் அபாயத்தினின்றும் தப்பி, எண்களைக் கூவியாடும் பிங்கோ ஆட்டத்திற்கு நெடுங்காலம் இடமாயிருந்தது. 1979-இல் லண்டன் நகரில் தொடங்கிய வெதர்ஸ்பூன் கம்பெனியார் 1996-இல் அதனை ஏற்றனர். நாடகம் அதற்கு முன்பே நீங்கிவிட்டது, எஞ்சியது கூரையே. அன்றியும், அக்காலத்து நாடகசாலைகளில் உச்சி மாடத்திற்குச் செல்லும் ஏழைகளுக்கு வாயிலும் படியும் வேறாயிருத்தல் வழக்கம். இன்றோ, ஒரே தட்டிலிருந்து பகிர்ந்துண்ணும் மாணாக்கரும், வேலையுடையோடு வந்த தொழிலாளரும், தள்ளுவண்டியிற் குழவியைக் கொணர்ந்த தாயரும் ஒரே வாயிலாற் புகுந்து அம்மாடங்களை அண்ணாந்து பார்க்கின்றனர். இதனைத் தாழ்வென்று எங்ஙனம் கூறுவோம்?

மதுவைக் குறித்த நம் கருத்து மாறவில்லை. அது மலிந்த விலைக்குக் கிடைத்தலாற் கெடுவோரும் உளர். பெரிய கம்பெனியாரின் விலைக்கு அயலிலுள்ள சிறு சாலைகள் ஈடுகொடுத்தலும் எளிதன்று. எனினும் அங்கே காப்பி மட்டும் அருந்தி நெடும்பொழுது பத்திரிகை படித்திருந்த முதியோரை எழுந்து போகுமாறு எவரும் சொல்லக் கண்டிலோம். நம் மேசையிலும் காப்பியே.

மேசைகளை ஒதுக்கிவிட்டு அம்மேடையில் மீண்டும் இசைநாடகம் நிகழ்த்திய நாட்களும் உண்டு. இத்தகைய கட்டடங்களைக் கொள்ளும் வணிகர் எவராயினும், மேடையைப் பண்டசாலையாக்காது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் ஆடுவோர்க்கும் பாடுவோர்க்கும் விடுதல் வேண்டும் என்று கேட்பதே நம் வழக்கு. அன்று உணவு விற்பனை குறையுமே என்பர். இடைவேளையில் அவ்வளவு பேர்க்கும் பசிக்குமன்றோ!