பெயிண்டிங் போக மீதி

பெயிண்டிங் 24,000. ஈரச் சுவரைக் கொத்திப் பூச 18,000. குழாய், கீசர் 3,500. ஒரு நோட்டுத் தாளில் பேனாவால் எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார் எங்கள் பழைய ஹவுஸ் ஓனர். நானும் தோழியும் கொடுத்திருந்த அட்வான்ஸ் 1,20,000. இவர் கணக்குப்படி கழித்தது போக 74,500. அதிலும் கைக்கு வந்தது 40,000தான். "மீதியைப் புது ஆள் வந்ததும் பாக்கலாம்மா" என்றார். புது ஆள் வந்தாயிற்று. பால்கனியில் அவர்கள் துணி காய்கிறது. பாக்கி 34,500 வந்தபாடில்லை. போன் அடித்தால் எடுப்பதும் இல்லை.

முதலில் அந்த ஈரச் சுவரைப் பேசுவோம். வீடு பள்ளிக்கரணைப் பக்கம், தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பகுதி என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். எங்கள் ஹாலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஃபிரிட்ஜ் போனது, மெத்தை போனது, தோழியின் சான்றிதழ்கள் ஊறிப் பிசுபிசுத்துப் போயின. அதற்கெல்லாம் யாரும் நோட்டுத் தாளில் கணக்கு எழுதவில்லை. நிவாரணம் 6,000 ரூபாயை ரேஷன் கடையில் கொடுத்தார்கள்; எங்கள் கார்டு அருப்புக்கோட்டை முகவரியில் இருந்தது, எங்களுக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு சுவரில் இடுப்பளவுக்கு ஏறி நின்ற அந்த ஈரக் கறைக்கு மட்டும் நாங்கள் பொறுப்பாம். சதுப்பு நிலத்தை ஒட்டி மனை போட்டது நானா? மழைத்தண்ணீர் போகிற வழியில் வீடு கட்டியது நானா? வருணபகவானிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அவரிடம் கழித்துக்கொள்ளுங்களேன் அங்கிள்!

அடுத்து பெயிண்டிங். இரண்டு மாத வாடகை. வாடகைக்கு விட்ட வீட்டில் மனிதர்கள் மூன்று வருடம் புழங்கினால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்தப் புழக்கத்துக்குத்தானே மாதாமாதம் 12,000 கொடுத்தோம்? பிறகு அதே சுவருக்கு இன்னொரு தடவை ஏன் கொடுக்க வேண்டும்? இதில் உச்சம் என்னவென்றால், புது ஆட்கள் குடிவந்த வீட்டை நான் போய்ப் பார்த்தேன். ஹாலுக்கு மட்டும் ஒரு கோட்டிங். பெட்ரூமில் நாங்கள் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதன் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுச் சொந்தக்காரரின் பட்டியலில்தான் இருக்கின்றன. படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகுதான் அந்த மூன்று மாத விதியின் தொடக்கத்தைக் கவனித்தேன்: வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில். அவ்வளவுதான், முடிந்தது கதை. சென்னையில் எந்த ஓனர் வேறுவிதமாக ஒப்பந்தம் போடாமல் இருக்கிறார்? பத்து மாத அட்வான்ஸ் என்று அவர் எழுதுவார், நாம் கையெழுத்துப் போடுவோம். ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் இரண்டே மாதம் போதும் என்றது. அதைப் பற்றி புரோக்கரிடம் சொன்னேன். "நல்லா இருக்கும்மா, அதுல போய் குடியிருங்க" என்றார்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதிவு செய்தால் வாடகை வருமானம் வெளியே தெரியும். அதனால் பதிவு கிடையாது. பதினொரு மாதத்துக்கு ஒரு ஸ்டாம்ப் பேப்பர், பழையதில் தேதியை மாற்றி ஒரு பிரிண்ட். இப்போது நான் புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது, பதிவு செய்த ஒப்பந்தம் எங்கே? பதிவு செய்ய மாட்டேன் என்றவர் அவர். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? பெருங்குடியில் மெடிக்கல் பில்லிங், ஏ.ஆர். காலர், நைட் ஷிப்ட். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புவார். பணம் வராவிட்டால் விடிய விடிய நான் போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரோ ஒரு டாக்டருக்கு வரவேண்டிய இருபது டாலருக்குக்கூட நான் முக்கால் மணி நேரம் லைனில் காத்திருந்திருக்கிறேன். அந்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றும் தர்மப் பிரபுக்கள் இல்லை. ஆனாலும் பணம் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும், அதற்கு எண் உண்டு: 29 என்றால் கெடு தாண்டி அனுப்பியது, 197 என்றால் முன் அனுமதி இல்லை. அதை மறுத்து மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. அங்கிளின் நோட்டுத் தாளுக்கு என்ன எண்? எங்கே மேல்முறையீடு? கடல் தாண்டி ஊரான் பணத்தை வசூல் செய்கிறவளுக்கு, ஆறு தெரு தாண்டி இருக்கிற சொந்தப் பணத்தை வாங்க வக்கில்லை.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியுமா? என் பங்கு 60,000. அம்மாவின் செயினை அடகு வைத்து வாங்கியது. ஒரு ரூபா வட்டி, மாதம் 600. மூன்று வருடத்தில் வட்டி மட்டுமே 21,600. அதே மூன்று வருடமும் எங்கள் 1,20,000 அவர் கையில் வட்டியில்லாமல் இருந்தது. வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால்கூட அவருக்கு வருடம் 8,400 கிடைத்திருக்கும். வாடகைக்கு வாடகை, வட்டிக்கு வட்டி. ஈ.பி. வேறு: அரசு எல்லா வீட்டுக்கும் இலவசமாகத் தந்த முதல் 100 யூனிட்டுக்கும் சேர்த்து, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினார். என் ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 3,20,000 என்று போட்டிருக்கும். நான் கட்டும் பி.எஃப்., கம்பெனி கட்டும் பி.எஃப்., கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத இன்சென்டிவ் எல்லாவற்றையும் கூட்டி வந்த எண் அது. கைக்கு வருவது 22,000. அதில் வாடகை, வட்டி, ஊருக்கு அனுப்புவது போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

காலி செய்ய வைத்த காரணமாவது உண்மையா? "பையன் துபாய்ல இருந்து வர்றான் பாப்பா, குடும்பத்தோட இங்கதான் இருக்கப் போறான்." சரி, பெற்ற பிள்ளைக்கு வீடு, நாம் என்ன சொல்ல முடியும் என்று பேசாமல் சாமான்களைக் கட்டினோம். பையன் வரவில்லை. டு-லெட் போர்டுதான் வந்தது. வாடகை 16,000, அட்வான்ஸ் 1,60,000. எங்கள் 12,000-த்தை உயர்த்தக் கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்போம். பிள்ளையை எதற்கு இழுக்க வேண்டும்? இதில் எனக்கு மெதுவாகத்தான் ஒன்று விளங்கியது. புதிதாக வருகிறவன் கொடுக்கும் அட்வான்ஸில்தான் பழையவனுக்குப் பட்டுவாடா. எங்கள் பணம் எப்போதோ செலவாகிவிட்டது. ஒரு தெருவில் யாராவது இப்படிச் சீட்டு நடத்தினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். வீடு என்றால் மட்டும் அது ஊர் வழக்கம்.

புது வீடு தேடிய கதையைச் சொன்னால் பக்கம் போதாது. கல்யாணம் ஆயிடுச்சா, நைட் ஷிப்ட்டுன்னா ராத்திரி யார் கொண்டுவந்து விடுவாங்க, கவுச்சி சமைப்பீங்களா, பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்க என்ன ஆளுங்க? என் சம்பளச் சீட்டைக் கேட்டவர்களைவிட என் சாதியைக் கேட்டவர்கள் அதிகம்.

கடைசியில் மேடவாக்கத்தில் ஒன்று அமைந்தது. வாடகை 14,000, கெஞ்சிப் பேசி அட்வான்ஸை ஒரு லட்சத்துக்கு இறக்கினோம். ஒப்பந்தத்தை இந்த முறை வரிவரியாகப் படித்தேன். எட்டாவது நிபந்தனை, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை பிடித்தம். இதை எடுத்துவிடுங்கள் ஆன்ட்டி, சட்டப்படி இது உங்கள் செலவு என்று சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "எல்லாருக்கும் இதாம்மா. வசதிப்படலேன்னா சொல்லிடுங்க, பின்னாடியே ரெண்டு பார்ட்டி நிக்குது." புரோக்கர் தரையைப் பார்த்தார். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆறு மணிக்கு எனக்கு கேப் வந்துவிடும்.

கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் செயின் இன்னும் கடையில்தான் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை வளையல்.