காரை உடைக்கவும் மரணச் சான்றிதழ் வேண்டுமாம்

கடந்த மாதம் எங்கள் ஒழுங்கைக்குப் பழைய இரும்பு வாங்கும் லொறி ஒன்று வந்தது. அக்கா வீட்டுக் கொட்டிலில் 2006 ஆம் ஆண்டிலிருந்து ஓடாமல் நிற்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை வியாபாரி எட்டிப் பார்த்தார். அடித்தகடு உக்கி, இருக்கைக்குள் எலி குடியிருந்து, எஞ்சின் இறுகிப்போன கார் அது.

"புத்தகம் இருக்கோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பதிவுப் புத்தகத்தோடு கொடுத்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வெறும் இரும்பு விலை. முதலாவது, இரண்டாவதைப் போலப் பல மடங்கு.

இரும்பு வாங்க வந்தவருக்குப் புத்தகம் எதற்கு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னும் வரியால் விலை இறங்கவில்லை. இப்படியான நாட்டில், ஓடாத காரின் புத்தகத்துக்கும் பெறுமதி உண்டு. அந்தப் புத்தகத்தின் இலக்கத்தை இன்னொரு வாகனத்தின் சேசியில் வெட்டி ஒட்டி, புது உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாகனம் விபத்திலோ குற்றத்திலோ மாட்டினால், பொலிஸார் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டைத்தான். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அப்படியொரு வருகையின் பொருள் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே முறைப்படி செய்வோம் என்று நினைத்தோம். வாகனத்தை உடைப்பதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை நீக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், பதிவுப் புத்தகம், இலக்கத்தகடுகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுசெய்த உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். எங்களுக்குச் சிக்கல் அந்தக் கையெழுத்தில்தான்.

கார் அத்தானின் பெயரில் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. 2003 இல் ஹயர் ஓடவென்று வாங்கி, புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றினார். 2006 ஓகஸ்ட்டில் தாயைப் பார்க்கக் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போனார். 11 ஆம் திகதி ஏ9 வீதி மூடப்பட்டது. அத்தான் அந்தப் பக்கம், அக்காவும் பிள்ளைகளும் இந்தப் பக்கம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

ஒரு அரச அலுவலகத்தில் இதை அக்கா சொல்லி முடித்தபோது, அங்கிருந்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார். "அம்மா, மரணச் சான்றிதழ் இருந்தால் சுகமாய்ச் செய்யலாம். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்திலை எடுக்கலாம்தானே."

எடுக்கலாம்தான். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய வழிவகுத்தது. கணவனை, பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அதைச் சாவை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்தாகவே பார்த்தார்கள். அதனால்தான் 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் அறிமுகமானது. அக்காவிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. அதை அவர் மேசையில் வைத்தார். "இதுக்குச் சுற்றறிக்கை ஒண்டும் எங்களுக்கு வரேல்லை" என்று திருப்பித் தந்தார்கள்.

அக்கா வெளியே வந்து சொன்னது இதுதான்: "தம்பி, ஒரு இலட்சம் தாறம் எண்டபோதே நாங்கள் செத்தவையெண்டு எழுதிக் குடுக்கேல்லை. இந்தத் தகரத்துக்காக எழுதுவனோ?"

2022 இல் அமைச்சரவை அறிவித்த கொடுப்பனவைத்தான் அவர் குறிப்பிட்டார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் அதை ஏற்கவில்லை. நீதிக்குப் பதிலாகப் பணமா என்பதே அவர்களின் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி பெரிய அறிவிப்புகளில் மட்டும் எழுவதில்லை. வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளையின் பாடசாலைப் படிவம், இப்போது உக்கிய கார் என்று ஒவ்வொரு கருமபீடத்திலும் அது மீண்டும் எழுகிறது. கொள்கையளவில் அரசு ஏற்றுக்கொண்ட ஒரு நிலையை, அதன் படிவங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. படிவத்தில் ஆள் கையெழுத்திட வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும்.

இதைத் தீர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை என்பதே என் கருத்து. உரிமை மாற்றம் வேறு, பதிவு நீக்கம் வேறு. உரிமை மாறினால் ஒருவருக்குச் சொத்து போகிறது; அங்கே கூடுதல் கவனம் நியாயமானது. பதிவை நீக்கும்போது எவருக்கும் எதுவும் போவதில்லை. ஓடாத வாகனம் ஒன்று ஏட்டிலிருந்து அழிகிறது, அவ்வளவுதான். காணாமற்போனமைக்கான சான்றிதழும் துணைவரின் சத்தியக்கடதாசியும் இருந்தால் அதைச் செய்யலாம் என ஒரு சுற்றறிக்கை போதும். காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் இதைக் கேட்டுப் பெற வேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம்.

இது ஒரு காரின் கதையுமல்ல. முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த மோட்டார் சைக்கிள்களின் புத்தகங்களை இன்றும் பெட்டிக்குள் வைத்திருக்கும் மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். வாகனம் இல்லை, பதிவு இருக்கிறது. அதில் இரண்டின் உரிமையாளர்களும் இல்லை.

அதுவரை செய்யக்கூடியவை சில. ஓடாத வாகனத்தை ஓடவில்லை என்று பிரதேச செயலகத்தில் அறிவித்துப் பதிந்து வையுங்கள். வருடாந்த அனுமதிப்பத்திர நிலுவை ஏறுவதைத் தவிர்க்கலாம். எஞ்சின், சேசி இலக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். என்ன விலை சொன்னாலும் புத்தகத்தை இரும்பு வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். வெறுந்தாளில் கையெழுத்தும் வைக்காதீர்கள். அலுவலகத்தில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அக்கா எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை லொறி திரும்பவும் வந்தது. அக்கா கொட்டில் கதவைச் சாத்திவிட்டு, பழைய வாளி இரண்டை மட்டும் கொடுத்தனுப்பினார்.