பாக்கி எவ்வளவு, டாக்டர்?

சித்திக்குப் பிளேடே படாமல் ஒரே நாளில் மூளை ஆபரேஷன், மெஷின் பெயர் காமா நைஃப் என்றேன். "கத்தியே இல்லேங்கறே, அப்புறம் எதுக்குடா அதுக்குக் கத்தினு பேரு?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான்!

முன்கதை: சித்திக்கு வந்தது மெனிஞ்சியோமா. மூளையில் அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைக்கிற கட்டி. 1922-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சர்ஜன் வைத்த பெயர். பெரும்பாலும் சாது, முதல் கிரேடு. சித்தியுடையது இரண்டாம் கிரேடு, முரடு. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்த துளியைத் தொடாமல் விட்டு, ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தத் துளி புளியங்கொட்டை சைஸுக்கு வந்து நின்றது.

மறுபடி திறப்பது ரிஸ்க். அதனால் ரேடியோ சர்ஜரி. 1951-லேயே இந்தப் பெயரை வைத்தவர் லார்ஸ் லெக்ஸெல், ஸ்வீடன்காரர். விஷயம் நம்ம ஊர் மொய் மாதிரிதான். மாடலைப் பொறுத்து 192 அல்லது 201 காமா கதிர்கள், ஆளுக்குக் கொஞ்சம். வருகிற வழியில் எதுவும் பெரிசாகச் சேதமில்லை. எல்லாம் சேருகிற ஒரே புள்ளியில் மட்டும் செம வசூல்!

கதிரைக் கொடுப்பது கோபால்ட்-60. சுமார் ஐந்தேகால் வருஷத்தில் வீரியம் பாதியாகிவிடும். பி.காமில் 'ரிட்டன் டவுன் வேல்யூ' தேய்மானம் படித்தது வாழ்க்கையில் முதல் தடவையாகப் புரிந்தது. கோபால்ட் பழசாக ஆக, பேஷன்ட் அதிக நேரம் படுத்திருக்கணும்.

தலை அசையாமலிருக்க, மரத்துப்போக ஊசி போட்டு, நாலு ஸ்க்ரூவில் ஒரு சட்டம் மாட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "கல்யாணத்துல நெத்திச்சுட்டி இதைவிட வலிச்சுதுடா" என்றாள் சித்தி. சாயங்காலம் காபி கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். கணக்கு 'நில்' ஆகியிருக்கும் என்று ஸ்வீட் பாக்ஸோடு போனேன். கட்டி அப்படியே இருந்தது. அதே புளியங்கொட்டை!

"சார், வேலை செய்யலையா?"

"செய்யுது. இதுல கட்டியை வெளியே எடுக்கறதில்ல. செல் பெருகாதபடி அடிக்கிறோம், அவ்வளவுதான். சுருங்கினா சந்தோஷம், வளராம இருந்தாலே வெற்றி."

"அப்ப பயமில்லையே?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. படத்தில் கட்டிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "முரட்டு ஜாதி. நாம அடிச்ச இடம் அடங்கினாலும், பக்கத்துல முளைக்கலாம். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

சித்தி என்னைப் பார்க்காமல் கைப்பையை மூடினாள். ஆட்டோவில் ஏறியதும், "அந்த ஸ்வீட்டை எடு" என்றாள். ரெண்டு சாப்பிட்டாள்.

அடுத்த ஸ்கேன் ஜனவரியில். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்களையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தி அவற்றை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எலி கடிக்காமல் இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை நான்தான் போய்ப் பார்க்கிறேன்.